என் நெஞ்சு, அவன் பெயர்

என் இடது பக்கத்து ஏழாவது விலா எலும்பில் ஒரு முடிச்சு இருக்கிறது. தாராவிக்கு வந்த புதிதில் தோல் கிட்டங்கியில் ஒரு கட்டு சரிந்து மேலே விழுந்து ஒடிந்த எலும்பு. வைத்தியம் எதுவும் பார்க்கவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். எலும்பு தானாகவே கோணலாகச் சேர்ந்துகொண்டது. தொட்டால் சுண்டைக்காய் அளவுக்கு விரலில் தட்டும்.

அந்த முடிச்சைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுதும்போதும் கோபம்தான் வருகிறது.

தோல் வேலையை விட்ட பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் டார்க் ரூம் வேலை கிடைத்தது. அறுபதுகளின் தொடக்கம். நான் ஐந்தாவதோடு நின்றவன். அந்த வேலைக்கு அது போதும். சிவப்பு பல்பு எரியும் அறைக்குள் நாள் முழுக்க நிற்க வேண்டும். பெட்டியிலிருந்து பிலிமை எடுத்து இரும்புச் சட்டத்தில் மாட்டி, டெவலப்பர் தொட்டியில் முக்கி, கழுவி, ஹைப்போ கரைசலில் போட்டு, மறுபடியும் கழுவித் தொங்கவிட வேண்டும். விரல் நுனியெல்லாம் பழுப்பாகிவிடும். வீட்டில் சோறு பிசைந்தால் சோற்றிலும் அந்த வாடை அடிக்கும்.

படிக்காதவனுக்கும் கண் இருக்கிறது. நாலு வருஷம் பார்த்தால் எது நல்ல நெஞ்சு, எது கெட்ட நெஞ்சு என்று தெரிந்துவிடும். என் நெஞ்சையும் ஒருநாள் படம் எடுத்துப் பார்த்தேன். ஒரு புள்ளி கிடையாது. அந்த முடிச்சு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

அந்தச் செய்தி எங்கள் வீட்டு வரிசையில் பரவிவிட்டது. அதில்தான் எல்லாம் ஆரம்பம்.

அப்போது செம்பூர்ப் பக்கம் புதுக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. வேலைக்கு எடுக்கும் முன் நெஞ்சுப் படம் கேட்பார்கள். டி.பி. இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. எங்கள் ஆட்கள் தோல் தூசியிலும் உப்பிலும் புகையிலும் கிடந்தவர்கள். படத்தில் ஒரு புள்ளி விழுந்தால் வேலை இல்லை. மதராசிக்கு ஒரு கதவு திறப்பதே பெரிய பாடு. புள்ளி இருந்தால் அந்தக் கதவும் அடைத்துக்கொள்ளும்.

அதனால் ஒரு வழக்கம் உண்டானது. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு எக்ஸ்ரே கடை. கம்பெனிக்காரர்கள் அங்கேதான் அனுப்புவார்கள். கடையில் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், சீட்டைத்தான் பார்ப்பார்கள். சீட்டு ஒருவனுடையது, போய் நிற்கிற நெஞ்சு இன்னொருவனுடையது. சுத்தமான நெஞ்சு உள்ளவன் போய் நின்றுவிட்டு வருவான். "நிக்கப் போறது" என்று அதற்குப் பெயர். வரும்போது ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான். யாரும் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. கல்யாணத்துக்குச் சட்டை இரவல் வாங்குவதுபோல.

"அண்ணாச்சி நெஞ்சு கண்ணாடில்லா" என்பார்கள். இரண்டு பேருக்கு நின்றேன். பெருமையாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவதாக நின்றது என் மச்சினனுக்கு. பெண்டாட்டியின் ஒரே தம்பி. பதினாறு வயதில் ஊரிலிருந்து வந்தவன், எங்கள் ஒற்றை அறையிலேயே வளர்ந்தான். அப்போது இருபத்திரண்டு வயது. எலும்பும் தோலுமாக இருப்பான். வாய் மட்டும் பெரிசு.

அவனிடம் இரண்டு சங்கதி இருந்தது. இரண்டையும் நான் பார்த்தேன். இரண்டையும் விட்டுவிட்டேன்.

ஒன்று, மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது பாதியில் நின்று சினிமா போஸ்டர் பார்ப்பான். எத்தனை தடவை போனாலும் பார்ப்பான். அவனுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒட்டியிருந்ததோ இந்திப் போஸ்டர். மூச்சு வாங்க நிற்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போது தலை லேசாக ஆடும். கழுத்து நரம்பு துள்ளும். பூம்பூம் மாடு என்று அவன் அக்காவே கேலி செய்வாள். இவனுக்கு வாய்க்கிறவள் கொடுத்து வைத்தவள், எது சொன்னாலும் தலையாட்டுவான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு டாக்டர் சொன்னார், ஒவ்வொரு துடிப்புக்கும் தலை ஆடுவது அந்த நோயின் அடையாளம் என்று. நாங்கள் ஒரு நோயைப் பார்த்து வருஷக்கணக்கில் சிரித்திருக்கிறோம்.

செம்பூரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று சீட்டு வாங்கிக்கொண்டு வந்தான். நேராக என்னிடம் வந்தான்.

"அத்தான், எனக்கு ஒருக்கா நின்னுருங்க."

"ஒனக்கு என்னல கேடு? ஒன் நெஞ்ச நீயே கொண்டு போ."

"புள்ளி கிள்ளி இருந்துட்டா?"

எனக்கு அவ்வளவு மனமில்லை. அடுப்படியில் இருந்த பெண்டாட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் போயி நிக்கிய. என் தம்பின்னா மட்டும் கால் வலிக்கோ?"

நின்றேன்.

யோசித்துப் பாருங்கள். நான் எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்கிறவன். ஒரு நாள் ஓய்வு நேரத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு படம் எடுத்துப் பார்த்திருக்கலாம். கெஞ்சிக் கேட்டால் எடுத்திருப்பார்கள். புள்ளி இருந்தால் நான் நிற்கிறேன், இல்லாவிட்டால் நீயே நில் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. இரவல் நெஞ்சு இருக்கும்போது சொந்த நெஞ்சை யார் பார்க்கிறான்?

கடையில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். சட்டையைக் கழற்றி, சில்லென்ற தகட்டில் நெஞ்சை ஒட்டி, மூச்சை இழுத்து நின்றேன். பிலிமின் மூலையில் அவன் பெயர் விழுந்தது. கம்பெனி அவனை எடுத்துக்கொண்டது. அன்றைக்கு வீட்டில் பாயசம்.

பதினாலு மாதம் ஓடியது. இன்னும் இரண்டு மாதத்தில் வேலை பெர்மனென்ட் ஆகும் என்றான். பெண் பார்த்தாகிவிட்டது. பதிமூன்றாவது மாதம் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தான். பம்பாயில் மழைக்காலத்தில் யாருக்குத்தான் காய்ச்சல் வரவில்லை? எழுந்து வேலைக்குப் போனான். ஏணியில் ஏறும்போது மூச்சு முட்டி விழுந்தான். கம்பெனி டாக்டர் குழல் வைத்துப் பார்த்தார். நெஞ்சில் சத்தம் கேட்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். கொடுத்தது எங்கள் ஆஸ்பத்திரிக்கு. கடிதத்தோடு, கம்பெனி அலமாரியில் இருந்த பழைய படத்தையும் உறையில் போட்டு அனுப்பிவிட்டார். ஒழுங்கான மனுஷன். அந்த ஒழுங்குதான் எங்களுக்கு வினையாக வந்தது.

இருதய டாக்டர் தமிழர்தான். மாட்டுங்காவில் இரண்டு தலைமுறையாக இருக்கும் குடும்பம். ஆட்கள் இருந்தால் என்னிடம் இந்தியில் பேசுவார். தனியாக இருந்தால் தமிழ். கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

எங்கள் ஆஸ்பத்திரியில் அவனுக்குப் புதுப் படம் எடுத்தார்கள். நான்தான் கழுவினேன். தொட்டிக்குள் இருக்கும்போதே பார்த்துவிட்டேன். இருதயம் இடது பக்கமாகச் சாய்ந்து, ஒரு பூட்ஸை வைத்ததுபோல, நெஞ்சுக் கூட்டின் ஓரம்வரை போயிருந்தது. கையில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். டெவலப்பரில் அதிக நேரம் விட்டுவிட்டேன். படம் கறுத்துப்போனது. மறுபடியும் எடுக்கச் சொன்னார்கள். திட்டு வாங்கினேன். அந்த வேலையில் நான் கெடுத்த முதல் படம் அதுதான்.

மறுநாள் டாக்டர் இரண்டு படத்தையும் லைட் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். மாட்டினேன். இடது பக்கம் நான். வலது பக்கம் அவன். இரண்டிலும் ஒரே பெயர்.

அவர் ஸ்கேலை எடுத்து இரண்டு இருதயத்தையும் அளந்தார். ஸ்கேல் என் ஏழாவது எலும்பின் மேலேயே கிடந்தது. முடிச்சு அதற்கு அடியில் இருந்தது. ஸ்கேலை எடுத்த பிறகு வெளியே தெரிந்தது. அவர் பார்க்கவில்லை. கூட நின்ற சின்ன டாக்டர்களும் பார்க்கவில்லை. இருதய டாக்டர்களுக்கு எலும்பு கண்ணில் படாது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வாய் திறக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு, அவன் என் மச்சினன் என்று சொன்னேன். அவர் உட்காரச் சொன்னார். நான் நின்றேன். பொறுமையாகத்தான் சொன்னார். இருதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகும் வாசலில் ஒரு கதவு உண்டு. போன ரத்தம் திரும்பி வராமல் அது அடைத்துக்கொள்ள வேண்டும். இவனுக்கு அடைக்கவில்லை, ஒழுகுகிறது. ஒழுகின ரத்தமும் சேர்ந்து இருதயத்தை ஊத வைத்துவிட்டது.

"பதினாலு மாசத்துக்கு முன்னாடி சாதாரண ஹார்ட். இப்போ இவ்வளவு. போன மாசம் ஜுரம் வேற. கிருமி வால்வை அரிச்சுடுத்து. காத்துண்டிருக்க முடியாது."

ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எதுவும் வளரவில்லை. அது எனக்குத் தெரியும். கேட்டேன். சில சமயம் வளராது என்றார்.

"பழைய நோவா இருந்தா சார்?"

"பழசுன்னா வேற கதை. மெதுவா பெருத்த ஹார்ட் பழகிண்டிருக்கும். மருந்து கொடுத்து, ஆறு மாசத்துக்கு ஒரு படம் எடுத்துப் பாத்துண்டே வரலாம். ஆனா இது பழசு இல்லையே. அதான் படம் இருக்கே."

அதான் படம் இருக்கே. அந்த வார்த்தை என் காதில் நாள் முழுக்க நின்றது.

முதலில் சாயம் விட்டுப் படம் எடுப்பார்கள். எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்த்துவிட்டு, அந்த வாரமே நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றுவார்கள். அப்போது அந்த ஆபரேஷன் பம்பாய்க்குப் புதிது. ஆபரேஷன் மேஜைக்குப் போனவர்களின் படங்களை நான் கழுவியிருக்கிறேன். பிறகு வந்து நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். நான் உள்ளதைச் சொல்லிவிட்டால் வேலை என்ன ஆகும்? போய்விடும் என்றேன். கள்ளப் படம் காட்டிச் சேர்ந்தவனைக் கம்பெனி வைத்துக்கொள்ளாது. என் வேலையும் போகலாம். அவள் சொன்னாள், சின்ன வயதில் அவனுக்கு முட்டியெல்லாம் வீங்கி இரண்டு மாதம் காய்ச்சல் கிடந்தது, அன்றிலிருந்தே அவனுக்கு இளைப்பு உண்டு என்று. கல்யாணமாகிப் பத்து வருஷம். இதை என்னிடம் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டேன். "நீங்க கேக்கலியே" என்றாள்.

அப்படியானால் நோய் பழசு. எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். அவன் தலையணையை முதுகில் வைத்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டும். தலை ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரனிடம் என்னைக் காட்டி இந்தியில் ஏதோ சொன்னான். படம் கழுவுகிற பெரிய டாக்டர் வந்துவிட்டார் என்று. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அத்தான், வாய வச்சிக்கிட்டு சும்மா இரிங்க. ரெண்டு மாசத்துல பெர்மனென்ட்."

"நெஞ்சப் பொளந்துருவாவல."

"பொளக்கட்டும். தச்சிருவாவல்லா? வேல இல்லாத ஒடம்ப வச்சி நான் என்ன செய்ய? ஒங்க வீட்டு மூலையில குத்த வச்சி இருக்கவா?"

உள்ளதைத்தான் சொன்னான். அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் இருந்தது. ஒருவன் தன் நெஞ்சைக் கொடுத்துத்தான் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அந்த வேலையைக் கொளுத்து என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அந்த வேலைக்காக அவனுக்கு நெஞ்சை இரவல் கொடுத்தவனே நான்தான்.

சாயப் படம் அன்றைக்கே எடுத்தார்கள். கை மடக்கில் கீறி, ரத்தக் குழாய்க்குள் மெல்லிய டியூபை விட்டு, இருதயத்தின் வாசல்வரை தள்ளிக்கொண்டு போவார்கள். அங்கே வைத்து ஒரே அழுத்தில் சாயத்தை விடுவார்கள். உடம்பெல்லாம் நெருப்பு வைத்ததுபோல இருக்கும் என்று எடுத்துக்கொண்டவர்கள் சொல்வார்கள். அந்த நேரத்தில் ஒரு பெட்டி கடகடவென்று பிலிமைத் தள்ளிக்கொண்டே இருக்கும், ஒன்றன்பின் ஒன்றாக. சுவருக்கு இந்தப் பக்கம் டார்க் ரூமுக்குள் எனக்கு அந்தக் கடகடச் சத்தம் கேட்டது. அதோடு அவன் கத்தினதும் கேட்டது. ஒரு தடவைதான்.

பெட்டி என் கைக்கு வந்தது. வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக முக்கினேன். சிவப்பு வெளிச்சத்தில் படம் மெல்ல எழும்பும். சாயம் நின்ற இடம் வெள்ளையாக நிற்கும். முதல் படத்தில் டியூபின் நுனி மட்டும். இரண்டாவதில் வாசல் முழுக்க வெள்ளை. நல்ல வால்வாக இருந்தால் அதற்கப்புறம் சாயம் மேலேதான் போகும். ஒரு பொட்டுக்கூடக் கீழே இறங்காது. மூன்றாவதில் கீழே இறங்கியிருந்தது. ஓட்டைக் குடத்தில் ஒழுகுவதுபோல இல்லை. குடத்துக்கு அடியே இல்லாததுபோல. ஐந்தாவதில் கீழ் அறை முழுக்க வெள்ளை. மேலே போனதைவிடக் கீழே விழுந்ததுதான் அதிகம் என்று தோன்றியது.

அவன் இத்தனை நாள் இப்படித்தான் செம்பூருக்குப் போய் வந்திருக்கிறான். ஏறின பாலத்திலெல்லாம் போஸ்டர் பார்த்திருக்கிறான்.

சாயம் எவ்வளவு ஒழுகுகிறது என்று சொல்லிவிடும். எத்தனை வருஷமாக ஒழுகுகிறது என்று சொல்லாது. அதற்குப் பழைய படம் வேண்டும். பழைய படம் என்று அவர்களிடம் இருந்தது என் நெஞ்சு.

காயும்வரை பொறுக்க மாட்டார்கள். ஈரத்தோடு கேட்டார்கள். சொட்டச் சொட்டக் கொண்டுபோய் லைட் பெட்டியில் மாட்டினேன். இருதய டாக்டர், ஆபரேஷன் செய்கிற டாக்டர், சின்ன டாக்டர்கள் இரண்டு பேர். இங்கிலீஷில் பேசினார்கள். இருதய டாக்டர் அந்தப் பழைய படத்தை எடுத்து ஓரத்தில் செருகினார். ஆபரேஷன் டாக்டர் தலையை ஆட்டினார். கிழமையைச் சொன்னார். வெள்ளிக்கிழமை. அது எனக்குப் புரிந்தது.

தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கச் சொல்லி இருதய டாக்டர் எனக்கு இந்தியில் உத்தரவு போட்டார். நான் துடைக்கவில்லை. தமிழில் சொன்னேன்.

"சார், அந்தப் பழைய படம் அவன் இல்ல."

அவர் இந்தியில், அப்புறம் பேசலாம் என்றார். நான் நகரவில்லை.

"எலும்பப் பாருங்க சார். இடது பக்கம் ஏழாவது. பழசுல முடிச்சு இருக்கு. புதுசுல இல்ல. ஒடஞ்ச எலும்பு எப்பிடி சார் நேரா ஆகும்?"

அவர் பார்த்தார். முதலில் பழையதை. பிறகு புதியதை. பிறகு மறுபடியும் பழையதை. மற்ற டாக்டர்களுக்கு நான் சொன்னது புரியவில்லை. ஆனால் அவர் முகம் மாறினது தெரிந்தது. முதல் தடவையாக ஆட்கள் முன்னால் என்னிடம் தமிழில் பேசினார்.

"யாரோடது இது?"

"என்னோடது."

அவர் நம்பவில்லை. நான் சட்டையைத் தூக்கினேன். அவர் கையைப் பிடித்து விலாவில் வைத்தேன். டாக்டர் கையை அப்படிப் பிடித்து இழுக்க எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததென்று தெரியவில்லை. அது தைரியமும் இல்லை, கோபம்தான். குளிர்ந்த விரல். எலும்பைத் தடவிக்கொண்டே போய் முடிச்சில் நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"இத்தனை வருஷம் இந்த டிபார்ட்மென்ட்ல இருக்கே. ஒரு படம்னா என்னன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். நீங்களும் எலும்பப் பாக்கலியே."

சொல்லியிருக்கக் கூடாது என்று பலர் சொன்னார்கள். இப்போது கேட்டாலும் அன்றைக்குச் சொன்னதையேதான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடக்கவில்லை. என் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, சின்ன வயதுக் காய்ச்சலைப் பற்றி அரை மணி நேரம் கேட்டார்கள். முட்டி வீங்கினதா, எத்தனை நாள், அப்போதிருந்தே தலை ஆடுமா என்றெல்லாம். அவள் எல்லாம் சொன்னாள். பத்து வருஷம் எனக்குச் சொல்லாததை டாக்டருக்குச் சொன்னாள். அந்த முட்டிக் காய்ச்சல்தான் வால்வைக் கெடுத்திருக்கிறது. பழைய ஒழுகல். வருஷக்கணக்கில் மெதுவாகப் பெருத்த இருதயம். மருந்து கொடுத்தார்கள். உப்பை நிறுத்தினார்கள். மூன்று வாரத்தில் படுத்துத் தூங்கினான்.

டாக்டர் கோப்பில் ஒரு வரி எழுதினார். பழைய படம் இந்த நோயாளியுடையது அல்ல என்று. கோப்பின் நகல் கம்பெனிக்குப் போகும். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுங்கள் சார் என்று கேட்டேன். ஒரே ஒரு தடவைதான் ஒருவரிடம் கெஞ்சியிருக்கிறேன், அது அன்றைக்கு. எழுதாவிட்டால் நாளைக்கு வருகிற டாக்டரும் இதே தப்பைச் செய்வான் என்றார். சரியான பேச்சுத்தான். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. தப்பாகப் பேசியிருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன்.

கம்பெனி அவனை நீக்கியது. பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். என்னை ஒரு மாதம் வேலையை விட்டு நிறுத்தினார்கள். பிறகு நான் இல்லாமல் படங்கள் சரியாக வரவில்லை என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அவன் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டான். முலுண்டில் ஒரு கூட்டாளியோடு அறையில் இருந்தான். மாட்டுங்காவில் காபிப்பொடிக் கடையில் உட்கார்ந்து பொட்டலம் மடிக்கிற வேலை. அக்காவைப் பார்க்க நான் இல்லாத நேரத்தில் வருவான்.

முன்னே நான் நின்று கொடுத்த இரண்டு பேரையும் தேடிப் போனேன். நீங்கள் சொந்தமாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள் என்றேன். ஒருவன் எடுத்தான். ஒன்றும் இல்லை. இன்னொருவன் வாசலிலேயே நிறுத்தி, "மச்சினன் பொழப்புல மண்ணப் போட்டது போதாதோ? எனக்கும் போட வந்தியளோ?" என்றான். அவன் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. செம்பூரில் ஒரு அலமாரியில் அவன் பெயரில் நான் இருக்கிறேன்.

டாக்டர் அந்தப் பழைய படத்தைக் கோப்பிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். உன்னுது, எடுத்துண்டு போ என்றார். எடுத்துக்கொண்டு வந்து வெந்நீரும் சோடாவும் போட்டுத் தேய்த்தேன். மருந்து உருகி என் நெஞ்சு கறுப்புச் சேறாகக் கையில் வந்தது. முடிச்சு கடைசியில் போனது. அவன் பெயர் அதற்கும் பிறகு. வெற்றுத் தகடு மிஞ்சியது. எங்கள் அறை ஜன்னலில் உடைந்த கண்ணாடிக்குப் பதில் அதை ஆணி அடித்துவிட்டேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவன் ஆஸ்பத்திரிக்கு வருவான். படம் எடுத்துப் பார்க்க வேண்டும் அல்லவா. முதல் தடவை வந்தபோது, ஆளை நிறுத்தி வைக்கிற வேலையும் அன்றைக்கு என் தலையில் விழுந்திருந்தது. அவன் உள்ளே வந்து என்னைப் பார்த்தான். சட்டையைக் கழற்றினான். தகட்டில் நெஞ்சை ஒட்டினான். நான் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி நேராக நிறுத்தினேன். தலை ஆடிக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பு என் கைக்கும் வந்தது.

தகட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"இன்னைக்கு யாரு நெஞ்சு அத்தான்?"

ஆறு மாதத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசின முதல் பேச்சு. குத்தத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு நானும் குத்தியிருக்கலாம். கை அவன் தோளிலேயே இருந்தது.

"ஒன்னோடதுதாம்ல. மூச்ச இழு."

இழுத்தான். நிறுத்தினான். படம் எடுத்தாகிவிட்டது.

டார்க் ரூமில் கழுவிக்கொண்டு வந்து, காய்வதற்குள் போன படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். இரண்டும் அவன்தான். எலும்பு எண்ணிப் பார்த்தேன். எல்லாம் நேராக இருந்தது. பிறகு ஸ்கேலை எடுத்து இருதயத்தை அளந்தேன். அளக்கிற வேலை என்னுடையது இல்லை. போன தடவை எவ்வளவோ அவ்வளவேதான். ஒரு நூல்கூடக் கூடவில்லை.

வெளியே பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் சொல்லாமல் அவனைத் தாண்டிப் போனேன். சொல்ல வேண்டியது டாக்டர்.